பக்கத்து நாட்டின் நடுநிலை

1941 டிசம்பர் 8ஆம் தேதி பிற்பகல், வட பேராக்கின் குரோ எல்லையைக் கடந்து தாய்லாந்து மண்ணில் கால்வைத்த பஞ்சாப் படைப்பிரிவினர்மீது அந்நாட்டுக் காவலர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். பெங்காலான் ஹுலு என்று இன்று நாம் அழைக்கும் ஊர்தான் அந்தக் குரோ. அன்று விடிவதற்கு முன்பே ஜப்பானியப் படை தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கியிருந்தது. சில மணி நேரச் சண்டைக்குப் பிறகு காலையிலேயே பாங்காக் அரசு போரை நிறுத்தச் சொல்லி அவர்களுக்கு வழிவிட்டுவிட்டது. தெற்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் இந்தியப் படையை மட்டும் காட்டுப் பாதையில் மறுநாள்வரை தாய்லாந்துக் காவலர்கள் தடுத்து வைத்திருந்தார்கள். எந்த மலைச்சாலையைப் பிடிக்க அந்தப் படை போனதோ, அதை அதற்குள் ஜப்பானியர் நெருங்கிவிட்டார்கள். அடுத்த 34ஆம் நாள், 1942 ஜனவரி 11 அன்று, கோலாலம்பூர் விழுந்தது. உலகப் போரில் ஒரு சிறிய நாட்டின் நடுநிலை என்றதும் சுவிட்சர்லாந்தையும் ஸ்வீடனையும் பேசுகிறோம். நம் வீட்டு வாசலிலேயே ஒரு நடுநிலை நாடு இருந்தது. அதன் நடுநிலை உடைந்த விதமே மலாயாவின் தலையெழுத்தை எழுதியது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் கதையை எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, அதாவது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் குடியிருப்புகளிலிருந்தும் கிள்ளான் தோட்டங்களிலிருந்தும் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தீபகற்பத்தில் இருக்கும் ஒரு சிறிய நாடு தனியாக நடுநிலை வகிக்க முடியாது. வகிக்க முயன்றால், அதன் விலையை அந்த நாடு மட்டும் கொடுப்பதில்லை.

முதலில் சயாமுக்கு நியாயம் செய்துவிடுவோம். 1939 ஜூனில்தான் சயாம் தன் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிக்கொண்டது. நம் பேச்சுவழக்கில் அது என்றைக்கும் சயாம்தான். அதே ஆண்டு செப்டம்பரில், ஐரோப்பாவில் போர் மூண்ட சில நாள்களுக்குள், பிரதமர் பிபுன்சொங்க்ராமின் அரசு நடுநிலையை அறிவித்தது. 1940 ஜூன் 12 அன்று பிரிட்டனுடனும் பிரான்சுடனும் போர் தொடுக்கா ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. அதே நாளில் டோக்கியோவில் ஜப்பானுடன் நட்பு ஒப்பந்தம் செய்தது. ஒரே தேதியில் மூன்று வல்லரசுகளுக்கும் கைகொடுத்த சாமர்த்தியத்தை வெறும் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. மேற்கே பர்மாவிலும் தெற்கே மலாயாவிலும் பிரிட்டன், கிழக்கே இந்தோசீனாவில் பிரான்ஸ் என்று இரு பேரரசுகளுக்கு நடுவில் நூறாண்டுக் காலம் காலனியாகாமல் தப்பிய ஒரே தென்கிழக்காசிய நாடு அது. தப்பியதும் சும்மா இல்லை, நிலத்தைக் கொடுத்துத் தப்பியது. 1909இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மலாய் மாநிலங்களின் மீதிருந்த மேலாதிக்கத்தை பிரிட்டனிடம் ஒப்படைத்தது இந்தக் கணக்கில்தான். வல்லரசுகள் ஒன்றையொன்று சமன்செய்யும்வரை சயாமின் உத்தி பலித்தது. 1940இல் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்ததும் தராசின் ஒரு தட்டு காலியாயிற்று. பாங்காக் அந்தத் தருணத்தில் நடுநிலையை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து, பலவீனப்பட்ட பிரெஞ்சு இந்தோசீனாவோடு எல்லைப் போர் நடத்தியது. ஜப்பான் நடுவராக வந்து உட்கார்ந்தது. 1941 மே 9 அன்று டோக்கியோவில் கையெழுத்தான உடன்படிக்கையில் பத்தம்பாங் உள்ளிட்ட நிலங்கள் தாய்லாந்துக்குக் கிடைத்தன. வல்லரசு ஒன்றின் தயவில் நிலம் வாங்கிய நாடு பிறகு அந்த வல்லரசுக்கு எதிரே நடுநிலை பேசுவது கடினம். என் பார்வையில், சயாமின் நடுநிலை டிசம்பர் 8இல் உடைந்தது உண்மை. ஆனால் விரிசல் விழுந்தது அந்த மே மாதத்தில்.

இதற்குப் பாங்காக்கை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. நடுநிலை வகிக்க ஆயுதம் வேண்டும். விமானங்களை அமெரிக்காவிடம் விலைக்கு வாங்கியிருந்தது தாய்லாந்து. 1940இல் அவை வழியில் பிலிப்பைன்சில் அமெரிக்க அரசாலேயே தடுத்து எடுத்துக்கொள்ளப்பட்டன. பிரிட்டனிடம் கேட்டபோது கொடுக்க எதுவும் இல்லை என்ற பதில்தான் வந்தது. தாய்லாந்தின்மீதான தாக்குதலை எங்கள்மீதான தாக்குதலாகக் கருதுவோம் என்ற பொருளில் சர்ச்சில் பிபுனுக்கு அனுப்பிய செய்தி, ஜப்பானியக் கப்பல்கள் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த நேரத்தில் அதை வைத்து யாரால் என்ன செய்திருக்க முடியும்?

நடுநிலை நாட்டின் நிலம் மீறப்படக் கூடாதது; போரிடும் நாடுகள் அதன் வழியே படைகளையோ தளவாடங்களையோ கொண்டுபோகக் கூடாது; மீறுவோரை ஆயுதம் ஏந்தித் தடுத்தாலும் அது பகைச் செயலாகாது. 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை சொல்வது இதைத்தான். குரோ எல்லையில் சுட்ட காவலர்கள் சட்டப்படி சரியாகவே நடந்தார்கள் என்று வாதிடலாம். சட்டத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதை மதிப்பவனைத்தான் அது கட்டும். பிரிட்டிஷ் தரப்பிடம் 'மாட்டடோர்' என்ற திட்டம் இருந்தது. ஜப்பானியர் வருவதற்கு முன்பே கெடாவிலிருந்து 11ஆவது இந்திய டிவிஷன் எல்லை தாண்டிச் சென்று சிங்கோராத் துறைமுகத்தைப் பிடிப்பது என்பது அதன் சாரம். டிசம்பர் 6ஆம் தேதியே ஜப்பானியக் கப்பல் கூட்டத்தை ஆஸ்திரேலிய விமானம் ஒன்று கடலில் கண்டுவிட்டது. தூர கிழக்குத் தலைமைத் தளபதி புரூக்-பாப்பம் தயங்கினார். தாய்லாந்து மண்ணில் முதலில் கால்வைப்பது பிரிட்டனாக இருந்துவிடக் கூடாது என்று பாங்காக்கிலிருந்த பிரிட்டிஷ் தூதர் கிராஸ்பி மன்றாடிக்கொண்டிருந்தார். அப்படி நடந்தால் அமெரிக்காவில் என்ன சொல்வார்கள் என்ற கவலை லண்டனுக்கும் இருந்தது. தயங்கித் தயங்கி, 8ஆம் தேதி திட்டம் கைவிடப்பட்டது. முன்னேறப் போவதாக நினைத்து மழையில் காத்திருந்த படைக்குத் திடீரென்று ஜித்ராவில் தற்காப்புக் குழிகளில் நிற்கும்படி ஆணை வந்தது. பாதி தோண்டிய, தண்ணீர் நிறைந்த குழிகள். 11ஆம் தேதி தொடங்கிய ஜித்ராச் சண்டை 13ஆம் தேதிக்குள் பின்வாங்கலில் முடிந்தது. அங்கே சிதறிப்போன படையினரில் ஒருவரான கேப்டன் மோகன் சிங்தான் பிறகு முதலாவது இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அப்படியானால் பிரிட்டன் முந்திக்கொண்டு சயாமின் நடுநிலையை மீறியிருக்க வேண்டும் என்கிறீர்களா? நிச்சயமாக இல்லை. மீறினால் என்ன ஆகும் என்பதற்குச் சில நாள்களிலேயே சான்று கிடைத்தது. போர்த்துகல் நடுநிலை நாடு. அதன் காலனியான கிழக்குத் திமோரும் நடுநிலை. டிசம்பர் 17 அன்று போர்த்துகீசிய ஆளுநரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் ஆஸ்திரேலிய, டச்சுப் படைகள் டிலியில் இறங்கின. ஜப்பானியர் வருமுன் காக்கிறோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்தார்கள். மூன்றாண்டுப் போரிலும் பஞ்சத்திலும் பழிவாங்கலிலும் 40,000 முதல் 70,000 திமோரியர்வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. சிங்கோராவில் நேசநாடுகள் நடுநிலையை மதித்தன, டிலியில் மீறின. முடிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஒரு சிறிய நிலப்பகுதி இரு பக்கத்துக்கும் பயன்படும் பாதையாகிவிட்டால், முதலில் யார் மீறினார்கள் என்பது வரலாற்றாசிரியருக்கு உதவும் தகவல். அங்கே வாழ்கிறவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சுவிட்சர்லாந்து தனியாகத்தானே தப்பியது என்பது அடுத்த கேள்வி. தப்பியது உண்மை. ஆனால் எதனால்? நாற்பது லட்சம் மக்கள் உள்ள அந்த நாடு 1939 செப்டம்பரில் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோரைப் படைக்கு அழைத்தது. ஜெர்மனியையும் இத்தாலியையும் இணைக்கும் கோத்தார்ட் சுரங்க ரயில்பாதையைத் தகர்க்க ஆயத்தமாக இருந்தது. படையெடுத்தால் ஹிட்லருக்குக் கிடைப்பது இடிந்த சுரங்கம். படையெடுக்காவிட்டால் ஓடும் ரயில். போதாததற்கு ஜெர்மன் மத்திய வங்கியின் தங்கத்தை வாங்கிக்கொண்டு செலாவணி கொடுத்தன சுவிஸ் வங்கிகள். ஸ்வீடன் இரும்புத்தாது விற்றது. 1940 முதல் 1943 வரை தன் ரயில்களில் ஜெர்மன் வீரர்களை ஏற்றிச்செல்லவும் விட்டது. அவர்களின் நடுநிலை நிலைத்ததற்குக் காரணம் அறம் அன்று. உடைப்பதைவிட உடைக்காமல் விடுவது பெரியவனுக்கு லாபமாக இருந்தது. சயாமின் நிலைமை நேர் எதிர். ஜப்பானுக்குத் தேவைப்பட்டது சிங்கோராவின் துறைமுகமும், அங்கிருந்து தெற்கே ஓடும் சாலையும் ரயில்பாதையும். அவற்றைக் கைப்பற்றினால்தான் மலாயாவின் ரப்பரும் ஈயமும் சிங்கப்பூர்க் கடற்படைத் தளமும் கிடைக்கும். அந்நாளில் உலக ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மலாயாவிலிருந்துதான் போனது. ஈயத்திலும் மலாயாதான் முதலிடம். சயாமின் நடுநிலைக்கு ஆபத்து சயாமிடம் இருந்த பொருளால் வரவில்லை. நம்மிடம் இருந்த பொருளால் வந்தது. பெல்ஜியம் 1914லும் 1940லும் மிதிபட்டது பிரான்சுக்குப் போகும் வழியில் இருந்ததால்தான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அந்தப் பொருளை உண்டாக்கியவர்களின் நிலை என்ன? 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ எந்த இந்தியத் தலைவரையும் கேட்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். மலாயாவிலும் யாரும் யாரையும் கேட்கவில்லை. காலனிக்கு நடுநிலை கிடையாது; காலனியின் கூலித் தொழிலாளிக்கு அந்தச் சிந்தனைக்கே இடம் கிடையாது. 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் இதை வெட்டவெளிச்சமாக்கியது. போரால் ரப்பருக்கு நல்ல விலை. சம்பளம் மட்டும் அப்படியே. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, முரட்டுக் கிராணிகளை நீக்குவது, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. அந்த ஒரு வரியைப் படித்தாலே அன்றைய தோட்டப்புறம் முழுவதும் கண்முன் வந்துவிடும். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார், போராட்டம் பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது, இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். ரப்பர் போர்ப்பொருள், ஆகவே வேலைநிறுத்தம் எதிரிக்கு உதவி என்பது அரசின் தர்க்கம். டோக்கியோவில் தாய்லாந்துக்கு நிலம் எழுதிக்கொடுத்த அதே மே மாதத்தில்தான் கிள்ளானில் இது நடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு மூன்று வல்லரசுகளோடும் பேரம் பேச முடிந்தது. இந்தப் பக்கம் இருந்தவர்களால் கிராணியோடுகூடப் பேரம் பேச முடியவில்லை.

பேரம் எங்கே போய் முடிந்தது என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1941 டிசம்பர் 21 அன்று பாங்காக்கின் மரகதப் புத்தர் கோயிலில் தாய்லாந்தும் ஜப்பானும் கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1942 ஜனவரி 25 அன்று பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் தாய்லாந்து போர் அறிவித்தது. நடுநிலை நாட்டின் நிலம் இப்போது ஜப்பானியரின் பட்டறை. பர்மாவுக்குக் கடல்வழி ஆபத்தானதாகவே, பான்போங்கிலிருந்து தன்பியூசாயாட்வரை 415 கிலோமீட்டருக்கு ரயில்பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. 60,000க்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க்கைதிகள் போதவில்லை. 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள்பிடிப்பு முழுவீச்சில் தொடங்கியது. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டியும், இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டிவைத்து வளைத்தும், கடைசியில் லயம் லயமாகப் புகுந்தும் ஆள் பிடித்தார்கள். 'சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க' என்ற ஒற்றை வாக்கியமாக அது நம் வீடுகளில் தங்கியது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பான்மையோர் தோட்டத்துத் தமிழர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைத் தின்றன. பாதை போட்டு மாண்ட ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. போர்க்கைதிகளில் இறந்தவர் 12,000க்கு மேல். ரயிலுக்குத் தண்டவாளமும் நம்மிடமிருந்தே போனது. மெந்தகாப்புக்கு வடக்கே கிழக்குக்கரை ரயில்பாதையைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அதை முழுமையாகச் சீர்செய்து மீண்டும் ரயில் விட 1953 ஆயிற்று. பிரிக்ஃபீல்ட்சிலும் செந்தூலிலும் வாழ்ந்த ரயில்வேக் குடும்பங்களுக்கு இது சம்பளமும் சோறும் சம்பந்தப்பட்ட விஷயம். போரின் கடைசி ஆண்டில் நேசநாட்டு விமானங்கள் கோலாலம்பூர் ரயில் பணிமனைகளைக் குறிவைத்தபோது அவர்கள் தலைக்கு மேல்தான் குண்டு பறந்தது. 1945 மார்ச்சில் அப்படி விழுந்த குண்டு, பிரிக்ஃபீல்ட்சுக்கு அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தை நொறுக்கியது. இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்பது அதே இடத்தில்.

இதற்கெல்லாம் சயாமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. ஆள் பிடித்தது ஜப்பான். பிடிக்கத் தோதாக மக்களைத் தோட்டங்களில் நிரப்பி, பாதுகாக்காமல் ஓடியது பிரிட்டன். சயாமிலும் எல்லாரும் பிபுனின் பின்னால் நிற்கவில்லை. வாஷிங்டனிலிருந்த தூதர் சேனி பிராமோஜ் போர் அறிவிப்பை அமெரிக்க அரசிடம் கொடுக்கவே மறுத்தார். பாங்காக்கிலேயே அரசப் பிரதிநிதியாக இருந்துகொண்டு பிரிடி பனோம்யோங் இரகசியமாகச் 'சுதந்திரத் தாய்' இயக்கத்தை நடத்தினார். அதன் பலன் போர் முடிந்ததும் தெரிந்தது. 1945 ஆகஸ்ட் 16 அன்று, தன் போர் அறிவிப்பே செல்லாது என்று தாய்லாந்து அறிவித்தது. அமெரிக்கா அதை எதிரி நாடாகவே நடத்தவில்லை. பிரிட்டன் மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு 1946 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பதினைந்து லட்சம் டன் அரிசியை இலவசமாகக் கேட்டது. பிறகு அதையும் தளர்த்திக்கொண்டது. ஜப்பான் 1943இல் பரிசாகக் கொடுத்த நான்கு மலாய் மாநிலங்களைத் தாய்லாந்து திருப்பிக் கொடுத்தது.  அரசும் எல்லையும் ஆட்சிமுறையும் பெருமளவு அப்படியே தப்பின.

இதைச் சுட்டிக்காட்டி, வளைந்து கொடுப்பதே சிறிய நாட்டின் புத்திசாலித்தனம், நாணல் போல் இருக்க வேண்டும் என்று சொல்வோர் உண்டு. என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான வாதம் இதுதான். தாய்லாந்து மக்களின் கோணத்தில் பிபுன் போட்ட கணக்கு லாபத்தில்தான் முடிந்தது; பர்மாவும் பிலிப்பைன்சும் பட்ட அழிவோடு ஒப்பிட்டால் பெரிய லாபம். ஆனால் செலவுப் பக்கத்தில் இருந்தவர்களைச் சேர்க்காமல் போட்ட கணக்கு அது. நாணல் வளைந்தபோது வெள்ளம் நின்றுவிடவில்லை, அடுத்த கரைக்குப் போனது. வளைந்து கொடுத்த அரசுக்கு 1945இல் பேச ஒரு வெளியுறவு அமைச்சும் வாஷிங்டனில் ஒரு நண்பரும் இருந்தார்கள். அந்த மரண ரயில்பாதையில் இறந்த தொழிலாளிக்கு அன்று எந்த நாட்டிலும் குடியுரிமைகூட உறுதியாக இல்லை. காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 நேசநாட்டு வீரர்கள் தனித்தனிக் கல்லின்கீழ் கிடக்கிறார்கள். தமிழ்த் தொழிலாளருக்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை. அவர்கள் போட்டுக்கொடுத்த பாதையின் சயாம் பகுதியைப் போருக்குப் பின் பிரிட்டன் தாய்லாந்துக்கே விலைக்கு விற்றது. வெற்றி பெற்ற வளைவு என்று இதைச் சொல்ல வேண்டுமானால், யாருக்கு வெற்றி என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து கோலாலம்பூர் எடுத்த முடிவு, நம் வெளியுறவு வரலாற்றின் மிகச் சரியான முடிவுகளில் ஒன்று என்று நினைக்கிறேன். 1968 ஜனவரியில் பிரிட்டன் சூயசுக்குக் கிழக்கே உள்ள தன் படைகளைத் திரும்ப அழைக்கப்போவதாக அறிவித்தது. அதே மாதத்தில் நம் நாடாளுமன்றத்தில் துன் டாக்டர் இஸ்மாயில் எழுந்து, தென்கிழக்காசியா முழுவதையுமே நடுநிலைப்படுத்த வேண்டும், அதற்கு வல்லரசுகள் உத்தரவாதம் தர வேண்டும் என்றார். அப்போது அவர் அமைச்சர்கூட இல்லை. மலேசியா மட்டும் நடுநிலை என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துன் அப்துல் ரசாக் 1970இல் பிரதமரானதும் அதுவே அரசின் கொள்கை ஆயிற்று. 1971 நவம்பர் 27 அன்று கோலாலம்பூரில் ஆசியானின் ஐந்து நாடுகளும் இவ்வட்டாரத்தை அமைதி, சுதந்திரம், நடுநிலை மண்டலமாக அங்கீகரிக்கச் செய்யும் உறுதியில் கையெழுத்திட்டன. சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த சி. ராஜரத்தினம். தாய்லாந்துக்காக வந்த தானாட் கோமான் கொஞ்சம் விசித்திரமான நிலையில் இருந்தார்: பத்து நாள் முன்புதான் பாங்காக்கில் இராணுவப் புரட்சி நடந்து அரசே கலைந்திருந்தது. ஆகவே அவர் அமைச்சர் என்ற தகுதியில் வரவில்லை, சிறப்புத் தூதராக வந்தார்.

பாசாங்கு என்று இதைக் கேலி செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. கையெழுத்து விழுந்த நேரத்தில் தாய்லாந்து மண்ணிலிருந்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமுக்குப் பறந்துகொண்டிருந்தன. பிலிப்பைன்சில் கிளார்க், சூபிக் தளங்கள் இருந்தன. மலேசியாவே அதே நவம்பர் 1ஆம் தேதிதான் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகியவற்றோடு ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டுக்குள் வந்திருந்தது. அதன் வான்படைத் தலைமையகம் இன்றும் பட்டர்வொர்த்தில் இயங்குகிறது. இருபத்தாறு நாள் இடைவெளியில் ஒரு கையால் படை ஏற்பாடு, மறுகையால் நடுநிலை அறிவிப்பு. இதை முரண்பாடு என்பவர்கள் 1941ஐ மறந்துவிடுகிறார்கள். ஆயுதமும் இல்லாமல் நண்பனும் இல்லாமல் வெறும் அறிவிப்பை மட்டும் நம்பிய நடுநிலை, சில மணி நேரத்தில் முடிந்ததை நாம் பார்த்தாயிற்று. ஐந்து நாட்டு ஏற்பாட்டின்படி தாக்குதல் வந்தால் கூடிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே கடமை. தானாகப் போரில் இழுத்துப்போகும் கட்டு அதில் இல்லை. வாசலை அடைக்காமல் தாழ்ப்பாள் மட்டும் வைத்துக்கொள்வது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 1974 மே 31 அன்று ஆசியானிலேயே முதல் நாடாகச் சீனாவோடு தூதரக உறவு ஏற்படுத்த அந்தப் படை ஏற்பாடு மலேசியாவுக்குத் தடையாக இருக்கவில்லை என்பது நல்ல சான்று.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1971 அறிவிப்பு ஒரு விருப்பம். அதற்குச் சட்டபலம் இல்லை. வல்லரசு உத்தரவாதம் என்ற துன் இஸ்மாயிலின் பாதிக் கருத்தை மற்ற நாடுகள், குறிப்பாக இந்தோனேசியா, ஏற்கவில்லை. பெரியவர்களிடம் போய் அனுமதி கேட்பது அவர்களுக்கே உரிமை கொடுப்பதாகும் என்பது ஜகார்த்தாவின் எண்ணம். அதிலும் நியாயம் உண்டு: 1839இல் பெல்ஜிய நடுநிலைக்கு உத்தரவாதம் தந்தவர்களில் பிரஷ்யாவும் ஒன்று, 1914இல் படையெடுத்து வந்தது அந்தப் பிரஷ்யா தலைமையேற்ற ஜெர்மனிதான். சட்டபலத்தோடு கிடைத்த ஒன்று, 1995 டிசம்பர் 15 அன்று பாங்காக்கில் கையெழுத்தான அணு ஆயுதமற்ற மண்டல ஒப்பந்தம். 1997இல் அது நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும், அதன் துணை உடன்படிக்கையில் ஐந்து அணு வல்லரசுகளில் ஒன்றுகூடக் கையெழுத்திடாமலேயே இருந்தது.

இன்று மலாக்கா நீரிணைக்கும் தென்சீனக் கடலுக்கும் நடுவில், கிள்ளான் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் எந்தெந்தக் கொடியோடு வருகின்றனவோ அந்தக் கொடிகள் எல்லாம் நம்மை ஒரு பக்கம் சாயச் சொல்கின்றன. சீனாவா அமெரிக்காவா என்ற கேள்விக்கு 'மலேசியா நடுநிலை' என்று அரசியல்வாதிகள் பதில் சொல்லும்போது நாம் கைதட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. பிலிப்பைன்ஸ் ஒரு பக்கம், கம்போடியா மறுபக்கம் என்று ஆசியான் பிளந்து நின்றால் அந்த நடுநிலையை எதை வைத்துக் காப்பாற்றுவீர்கள், அண்டை நாட்டில் படை இறங்கினால் என்ன செய்வீர்கள், அந்த நாளில் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் இருக்கும் பங்களாதேஷ், நேபாளத் தொழிலாளர் உட்பட இங்கே குடியுரிமை இல்லாமல் உழைப்பவர்கள் யார் கணக்கில் வருவார்கள் என்று கேளுங்கள். சயாமுக்கு ஆள் அனுப்பிய சமூகத்துக்கு அதைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.